பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பாத புள்ளைய டாக்டர்ட்ட கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி

மொதல்ல கடைக்கு போய் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. ஸ்கேனுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி, மதுரைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, யாரோ சொன்னாங்கன்னு நாக்குல வசம்பு தடவுறதுக்கு முன்னாடி, அந்த நோட்டு.

நான் டாக்டர் கிடையாது. பாம்பன் பக்கம் வீடு, வீட்டுக்காரர் மீன் புடிக்க போட்டுக்கு போறவர், எங்க சின்னவனுக்கு இப்ப ஏழு வயசு. ஒன்றரை வயசுலயே எனக்கு மனசுல ஏதோ உறுத்துச்சு, ஆனா ஆட்டிசம்னு (மூளை வளர்ற விதத்துல உள்ள ஒரு வித்தியாசம்) எழுதுன பேப்பர் கைக்கு வந்தப்ப அவனுக்கு நாலு வயசு மூணு மாசம். நடுவுல போன ரெண்டே முக்கா வருஷத்துக்கு யாரை குத்தம் சொல்றதுன்னு இன்னும் தெரியல, பாதி எங்க மேல தான், எதை கவனிக்கணும் எதை சொல்லணும்னு தெரியாம வெறுங்கைய வீசிட்டு போய் டாக்டர் முன்னாடி உக்காந்தோம், "இன்னும் பேச்சு வரல சார்"னு ஒரே வரி சொன்னோம், அவங்களும் ஒரே வரில "வந்துரும்மா, சில புள்ளைங்களுக்கு லேட்டாகும்"னு அனுப்பி வச்சாங்க.

இதுல சிக்கல் என்னன்னா, சக்கரைக்கு ரத்தம் எடுத்து பாக்குற மாதிரி ஆட்டிசத்துக்கு ஒரு டெஸ்ட் கிடையாது. ரத்தத்துலயும் வராது, ஸ்கேன்லயும் வராது. புள்ள எப்படி நடந்துக்குதுன்னு பாத்தும் வீட்டு ஆளுங்கள துருவி துருவி கேட்டும் தான் முடிவு பண்ணுவாங்க. எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரில மூளைக்கு எம்.ஆர்.ஐ எடுக்க சொன்னாங்க, வட்டிக்கு வாங்கி எடுத்தோம், நார்மல். டாக்டர் சொன்னது "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல"ன்னு, நாங்க காதுல வாங்கிக்கிட்டது "புள்ளைக்கு ஒண்ணும் இல்ல"ன்னு. அன்னைக்கு வீட்டுல பாயாசம் வச்சோம். அந்த பாயாசத்துலயே ஒரு வருஷம் போச்சு. வலிப்பு வந்திருந்தா, பேசிட்டு இருந்த பேச்சு திடீர்னு போயிட்டா, டாக்டர் ஸ்கேனோ, மூளை மின்னோட்டத்தை பாக்குற ஈ.ஈ.ஜியோ கேக்குறது நியாயம் தான், எடுங்க, ஆனா அது வேற ஏதாவது இருக்கான்னு பாக்குறதுக்கு. ஆட்டிசம் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது.

டாக்டர் உங்க புள்ளைய பாக்குறது அரை மணி நேரம், நீங்க பாக்குறது நாள் பூரா. அந்த நாள் பூராவையும் அரை மணி நேரத்துக்குள்ள கொண்டு போறதுக்கு தான் நோட்டு.

நோட்டுல என்ன எழுதுறது

"பேசல", "அடம்", "சேட்டை" இப்படி எழுதாதீங்க, அதுல டாக்டருக்கு ஒண்ணும் வெளங்காது. தேதி போட்டு நடந்ததை எழுதுங்க. என் நோட்டுல இருந்து ஒண்ணு சொல்றேன்: "சாயங்காலம், டிவி ஆஃப், பின்னாடி நின்னு பேர் சொல்லி 5 தடவ கூப்பிட்டேன், 1 தடவ திரும்பினான். அடுப்படில பிஸ்கட் கவர் பிரிச்சேன், வாசல்ல இருந்து ஓடி வந்தான்." இது ரெண்டு வரி தான், ஆனா இதை படிச்ச டாக்டர் தான் மொத தடவ நிமிந்து உக்காந்தாங்க.

பேச்சை விட கைய கவனிங்க, இது தான் நான் எல்லாருக்கும் சொல்றது. உச்சிப்புளி நேவி ஹெலிகாப்டர் நம்ம தலைக்கு மேல தாழ பறந்து போகும்ல, பக்கத்து வீட்டு புள்ள ஒரு வயசுலயே கைய நீட்டி காட்டும், காட்டிட்டு ஒடனே அவங்க அம்மா மூஞ்சிய திரும்பி பாக்கும், நீயும் பாத்தியான்னு. எங்க சின்னவனும் ஹெலிகாப்டர பாப்பான், கண்ண எடுக்காம பாப்பான், ஆனா என்னைய திரும்பி பாக்க மாட்டான். தனக்கு வேணும்னு கேக்குறது ஒண்ணு, நீயும் பாரேன்னு பகிந்துக்கிறது வேறொண்ணு, ரெண்டாவது தான் ஆட்டிசத்துல ரொம்ப அடி வாங்குற விஷயம். தண்ணி வேணும்னா என் மணிக்கட்ட புடிச்சு இழுத்துட்டு போய் சொம்பு மேல வைப்பான், மூஞ்சிய பாக்க மாட்டான், என் கை என்னமோ அவனுக்கு ஒரு கரண்டி மாதிரி. இது மாதிரி இருந்தா அப்படியே எழுதுங்க.

வயசு கணக்கு சில மனசுல வச்சுக்கோங்க. 12 மாசத்துக்குள்ள "பபபா, தததா" மழலை, டாட்டா காட்டுறது, விரல் நீட்டி காட்டுறது இதெல்லாம் வந்திருக்கணும். 16 மாசத்துக்குள்ள ஒத்த வார்த்தையாவது. 24 மாசத்துக்குள்ள ரெண்டு வார்த்தை சேர்த்து தானா சொல்லணும், "அம்மா பால்", "அப்பா போட்டு" மாதிரி, நம்ம சொன்னதையே திருப்பி சொல்றது கணக்குல வராது. இதுல எது வரலைன்னாலும் காட்டிருங்க. அப்புறம் எந்த வயசா இருந்தாலும் சரி, வந்த பேச்சு போயிருச்சு, முன்னாடி சிரிச்சு வெளாண்ட புள்ள இப்ப ஒதுங்கி போகுதுன்னா ஒரு நாள் கூட தள்ளி போடாதீங்க. ஆட்டிசம் இருக்குற புள்ளைங்கள்ல கணிசமான பேருக்கு ஒன்றரை வயசை ஒட்டி இப்படி வந்தது போற மாதிரி ஆகும். எங்களுக்கு அது நடந்துச்சா இல்லையான்னே ஞாபகம் இல்ல, கடைசில பழைய போன்ல இருந்த மொத பொறந்தநாள் வீடியோவ தேடி எடுத்து பாத்தா, கேக் வெட்டுறப்ப "அத்தா அத்தா"ன்னு சொல்லி கை தட்டுறான். அந்த வீடியோவ பாத்து நான் அழுததை விட அது டாக்டருக்கு உதவுனது ஜாஸ்தி, பழைய போனை எடைக்கு போட்றாதீங்க.

இன்னொரு பக்கம், திரும்ப திரும்ப செய்யுறது. கடக்கரைல பொறுக்குன சிப்பிய வாசல்ல வரிசையா அடுக்குவான், ஒண்ணை நகத்துனா தெருவே கூடுற மாதிரி கத்துவான். ஃபேன் சுத்துறதை படுத்துட்டு பாத்துட்டே இருப்பான். போட்டு கட்டுற ஜெட்டி பாலத்துல ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுனா காத பொத்திட்டு ஓடுவான். ஆனா சும்மா அடுக்குற புள்ளைங்க எல்லாம் ஆட்டிசம் இல்ல, என் அக்கா மகளும் பொம்மைய அடுக்குவா, அடுக்கி முடிச்சுட்டு "சித்தி டீ குடிங்க"ன்னு வெளாட்டுக்கு கப்ப நீட்டுவா. அந்த பாவலா வெளாட்டு இருக்கா இல்லையான்னு தான் டாக்டர் கேப்பாங்க.

டாக்டருங்க கையில இருக்குற அளவுகோல் என்னன்னு தெரிஞ்சா எழுதறது சுலபம். 2013ல வந்த டி.எஸ்.எம்-5ங்கிற மனநல டாக்டருங்க புத்தகத்துப்படி, ஆளோட ஆள் பழகுறதுல மூணு குறை இருக்கான்னு பாப்பாங்க (மாத்தி மாத்தி பேசி பழகுறது, கண்ணு கை மூஞ்சி பாஷை, கூட்டாளி சேந்து வெளாடுறது), மூணுமே இருக்கணும். திரும்ப திரும்ப செய்யுற விஷயத்துல நாலு இருக்கு (ஒரே அசைவு ஒரே பேச்சு, மாத்தக்கூடாதுங்குற பிடிவாதம், ஒண்ணு மேலயே பித்து, சத்தம் தொடுகை வாசனைக்கு ரொம்ப கூச்சப்படுறது இல்ல ஒண்ணுமே உறைக்காம இருக்குறது), அதுல கொறஞ்சது ரெண்டு இருக்கணும். இது சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கணும், வாழ்க்கைய பாதிக்கணும். முன்னாடி ஆஸ்பெர்ஜர், பி.டி.டின்னு தனித்தனி பேரா இருந்ததை எல்லாம் அந்த வருஷம் தான் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்னு ஒரே குடைக்குள்ள கொண்டு வந்தாங்க, அதனால பழைய டாக்டர் ஒரு பேர் சொல்லி புது டாக்டர் இன்னொரு பேர் சொன்னா ரெண்டு வியாதின்னு பயப்படாதீங்க.

நோட்டோட கடைசி பக்கத்துல அவன் நல்லா செய்யுறதையும் எழுதுங்க. எங்க அம்மாச்சி மடியில மட்டும் படுத்து பாட்டு கேப்பான், எந்த போட்டு யாரோடதுன்னு கலரை வச்சே கண்டுபிடிப்பான், இதெல்லாம் டாக்டருக்கும் வேணும், பின்னாடி தெரபி குடுக்குறவங்களுக்கும் வேணும். கர்ப்பம் எத்தன வாரம், எடை எவ்ளோ, பொறந்ததும் அழுதானா, கண்ணாடி பெட்டில வச்சாங்களா, எப்ப ஒக்காந்தான் எப்ப நடந்தான், வலிப்பு உண்டா, சொந்தத்துல கல்யாணமா, குடும்பத்துல யாருக்காவது பேச்சு லேட்டா, இது ஒரு பக்கம். நர்ஸம்மா குடுத்த தாய் சேய் அட்டைல பாதி இருக்கும், அதையும் எடுத்துட்டு போங்க.

இருபது கேள்வி

16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு எம்-சாட்னு 20 கேள்வி உள்ள ஒரு பேப்பர் இருக்கு, தமிழ்லயும் இருக்கு, ஆமா இல்லைன்னு டிக் பண்றது தான். பெரும்பாலான கேள்விக்கு "இல்லை"ன்னு வந்தா ஒரு மார்க் ஏறும், ஆனா 2, 5, 12 இந்த மூணுக்கும் "ஆமா"ன்னா தான் ஏறும் (காது கேக்கலையோன்னு சந்தேகப்பட்டீங்களா, கண்ணு கிட்ட விரலை வச்சு ஆட்டுறானா, சாதாரண சத்தத்துக்கு மெரளுறானா). இதை கவனிக்காம எண்ணுனா கணக்கு தப்பும், நான் தப்பா எண்ணி ரெண்டு நாள் நிம்மதியா இருந்தேன். 0 இருந்து 2 வரைக்கும்னா இப்போதைக்கு பயம் கம்மி, ரெண்டு வயசு ஆகலைன்னா ஆனதும் இன்னொரு தடவ பாக்கணும். 3ல இருந்து 7ன்னா கூடுதலா கேள்வி கேட்டு உறுதி பண்ணணும், 8ம் அதுக்கு மேலயும்னா நேரா ஸ்பெஷலிஸ்ட். இது சலிக்கிற சல்லடை மட்டும் தான், மார்க் வந்தா ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல, வரலைன்னா இல்லைன்னும் இல்ல. கேள்வில "வழக்கமா செய்யுறானா"ன்னு இருக்கும், எப்பவோ ஒரு தடவ செஞ்சதுக்கு பாசத்துல ஆமான்னு டிக் பண்ணிறாதீங்க.

வீடியோ

நம்ம ஊர்ல இருந்து புள்ளைய கூட்டிட்டு போற பாட்டை யோசிங்க. ராமேஸ்வரத்துல இருந்து மதுரை 170 கிலோமீட்டர் கிட்ட, நாங்க அலைஞ்ச சமயத்துல பாம்பன் பாலத்துல ரயிலும் ஓடல, 2022 டிசம்பர்ல நிறுத்துனது, புது பாலம் 2025 ஏப்ரல்ல தான் தொறந்தாங்க, அதனால விடியக்காலம் பஸ்தான். நாலு மணி நேரம் பஸ்ல, ரெண்டு மணி நேரம் வரிசைல, உள்ள போனதும் புது ரூம், புது வாசனை, டியூப்லைட் இரையுது, எந்த புள்ள தான் ஒழுங்கா இருக்கும். ஒரு தடவ கத்தி தீத்துட்டான், ஹைப்பர்னு எழுதுனாங்க. அடுத்த ஊர்ல தூங்கி வழிஞ்சான், அமைதியான புள்ளன்னு எழுதுனாங்க. ரெண்டும் எங்க புள்ள இல்ல.

அதனால வீட்டுலயே ரெண்டு ரெண்டு நிமிஷ வீடியோ அஞ்சாறு எடுங்க. பேர் சொல்லி கூப்பிடுறது ஒண்ணு, சாப்பிடுறது ஒண்ணு, தனியா வெளாடுறது ஒண்ணு, மத்த புள்ளைங்களோட விட்டா என்ன பண்றான்னு ஒண்ணு, தனக்கு ஒரு சாமான் வேணும்னா எப்படி கேக்குறான்னு ஒண்ணு, அப்புறம் அந்த கைய ஆட்டுறது சுத்துறது மாதிரி எதாவது இருந்தா அது. நடிக்க வைக்காதீங்க, "சொல்லுடா சொல்லுடா"ன்னு பின்னாடி இருந்து கத்தாதீங்க, மூஞ்சியும் கையும் சேந்து தெரியுற மாதிரி எடுங்க. இதை நாலு பேருக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டு திரியாதீங்க, டாக்டர்ட்ட காட்ட மட்டும்.

காது மொதல்ல

என்ன ஆனாலும் காது டெஸ்ட் மொதல்ல. கேக்காத புள்ளையும் பேர் சொன்னா திரும்பாது, பேசாது, தனியா இருக்கும். சத்தம் கேட்டு பயப்படுறான், பாட்டுக்கு ஆடுறான், அதனால காது நல்லா இருக்குன்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது, சில சத்தம் மட்டும் கேக்குற காதும் உண்டு, காதும் கேக்காம ஆட்டிசமும் இருக்குற புள்ளைங்களும் உண்டு. சொந்தத்துல கட்டுற குடும்பங்கள்ல பொறவி காது கோளாறு கூடுதலா வரும், நம்ம பக்கம் அது சகஜம்ங்குறதால இன்னும் கவனமா இருக்கணும். சத்தம் காதுல இருந்து மூளைக்கு போகுதான்னு பாக்குற பெரா டெஸ்ட்டுக்கு புள்ள அசையாம தூங்கணும், அதனால டெஸ்ட் நேரத்தை கேட்டுட்டு முந்துன ராத்திரி லேட்டா தூங்க வச்சு காலைல சீக்கிரம் எழுப்பி கொண்டு போங்க, பஸ்ல தூங்க விட்றாதீங்க, நாங்க விட்டோம், அங்க போய் முழிச்சுட்டு ஒரே ஆட்டம், திரும்பி வந்தோம். நெசமாவே கேக்கலைன்னு வந்தா காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துலயே பண்றாங்க, அதுக்கு வயசு வரம்பு இருக்கு, அதுக்காகவும் தான் சொல்றேன் தள்ளி போடாதீங்கன்னு.

எங்க போறது

நேரா பெரிய ஊருக்கு ஓடணும்னு இல்ல. அங்கன்வாடில டீச்சர்ட்ட சொல்லி வைங்க, ஆர்.பி.எஸ்.கேன்னு 2013ல ஆரம்பிச்ச திட்டத்துல டாக்டர் டீம் ஒண்ணு வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடிக்கு வரும், அவங்க பாத்து எழுதிக்குடுத்தா மாவட்டத்துல உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க, டி.இ.ஐ.சின்னு கேட்டா தான் சில பேருக்கு புரியும். டீம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், ராமநாதபுரம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில (2022ல தான் காலேஜ் ஆச்சு) குழந்தைகள் பிரிவுல நேரா கேளுங்க. 104க்கு போன் போட்டும் கேக்கலாம். அங்கிட்டு முடியலைன்னா மதுரை பெரியாஸ்பத்திரி, அதுக்கும் மேல சென்னை முட்டுக்காடுல நீப்மெட்னு மத்திய அரசு நிறுவனம் இருக்கு, பல துறை ஆளுங்க ஒரே இடத்துல இருப்பாங்க.

ஏன்னா இது ஒரு ஆள் வேலை இல்ல. குழந்தை டாக்டரோ குழந்தை மனநல டாக்டரோ, சைக்காலஜிஸ்ட், பேச்சு பயிற்சி குடுக்குறவங்க, கை வேலை புலன் வேலை பாக்குற ஓ.டி, இத்தன பேரும் பாத்தா தான் சித்திரம் முழுசாகும். பத்து நிமிஷத்துல "ஆட்டிசம், நாளைக்கே அட்மிஷன் போடுங்க"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க, பத்து நிமிஷத்துல "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க.

"பொறுத்து பாப்போம்"னு டாக்டர் சொன்னா சண்டை போடாம மூணு கேளுங்க: எத்தன மாசம் பொறுக்கணும், அது வரைக்கும் வீட்டுல என்ன பண்ணணும், என்ன வரலைன்னா திரும்ப வரணும். பதிலை சீட்டுலயே எழுதி வாங்குங்க. எழுத சொன்னதும் ஒரு டாக்டர் "சரிம்மா, எதுக்கும் இப்பவே அனுப்புறேன்"னு மாத்தி சொன்னதை நான் பாத்திருக்கேன்.

ஒண்ணு இன்னொண்ணு மாதிரி தெரியுறது

வெறும் பேச்சு தாமதம் உள்ள புள்ள வாயால சொல்லாட்டியும் கையால கண்ணால கதையே சொல்லிரும். அறிவு வளர்ச்சி தாமதம்னா நடை, பேச்சு, வெளாட்டு எல்லாமே சேந்து பின்னாடி இருக்கும், ஆனா ரெண்டும் சேந்தும் இருக்கலாம், அங்க தான் டாக்டருங்களே திணறுவாங்க. ஏ.டி.எச்.டி புள்ளைக்கு ஒரு எடத்துல நிக்க முடியாது, கூப்பிட்டா கவனிக்காது, அதுவும் இது மாதிரியே தெரியும், முன்னாடி ரெண்டையும் ஒண்ணா எழுதக்கூடாதுன்னு விதி இருந்துச்சு, 2013க்கு அப்புறம் ரெண்டும் இருக்குன்னு எழுதலாம். வீட்டுக்குள்ள வாய் ஓயாம பேசி ஸ்கூல்ல மட்டும் வாயே தொறக்காத புள்ளைங்க வேற ரகம்.

"கண்ணை பாக்குறானே, பாசமா கட்டிக்கிறானே, அப்ப ஆட்டிசம் இல்ல"ன்னு ஒருத்தர் எங்ககிட்ட சொன்னார், படிச்சவர் தான். ஆட்டிசம் இருக்குற எத்தனையோ புள்ளைங்க கண்ணும் பாக்கும், கட்டியும் புடிக்கும். அதே மாதிரி எங்க சின்னவன் ஏ ஃபார் ஆப்பிள்ல ஆரம்பிச்சு கலர் பேரு கார் பேரு எல்லாம் யூட்யூப் இங்கிலீஷ்ல சொல்லுவான், தெருவே மெச்சும், ஆனா "அம்மா தண்ணி"ன்னு கேக்க தெரியாது. எங்க தெருவுல அவனுக்கு கலெக்டர்னே பேரு.

போன் விஷயம். "போனை புடுங்குங்க சரியாயிரும்"னு எல்லாரும் சொல்லுவாங்க, வர்ச்சுவல் ஆட்டிசம்னு ஒரு பேரும் சுத்துது, அப்படி ஒரு வியாதி பேரு டாக்டர் புத்தகத்துல கிடையாது. போன் நெறைய பாத்தா பேச்சு பிந்தும்ங்குறது நெசம், ரெண்டு வயசுக்குள்ள வேணாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு 2019ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிருக்கு. புடுங்குங்க, ஆனா புடுங்கிட்டு ஒரு வருஷம் வேடிக்க பாத்துட்டு இருக்காதீங்க, அப்பாயின்ட்மென்டையும் சேத்து போடுங்க.

பொம்பள புள்ளைங்க பாடு இன்னும் மோசம். ஆம்பள புள்ளைங்களுக்கு தான் மூணு நாலு மடங்கு ஜாஸ்தின்னு கணக்கு சொல்லுவாங்க, ஆனா அதுல ஒரு பங்கு பொண்ணுங்கள கண்டுபிடிக்காம விட்டது. அமைதியா ஒரு மூலைல உக்காந்து ஒரே பொம்மைக்கு தலை சீவிட்டு இருந்தா நம்ம ஊர்ல "அடக்கமான புள்ள"ன்னு பாராட்டுவாங்க. அக்கம் பக்கத்து புள்ளைங்க பண்றதை பாத்து அப்படியே காப்பி அடிச்சு சமாளிப்பாங்க, வீட்டுக்கு வந்ததும் ஒடஞ்சு போய் அழுவாங்க. டீச்சர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லி வீட்டுல தெனமும் இது நடந்தா அதையும் நோட்டுல ஏத்துங்க.

வீட்டு ஆளுங்க

டாக்டரை விட இவங்கள சமாளிக்கிறது தான் கஷ்டம். "இவங்க அப்பனும் நாலு வயசுல தான் பேசுனான்"னு எங்க மாமியார் அடிச்சு சொன்னாங்க, நான் எதுத்து பேசல, "சரிங்கத்த, அப்ப மாமா ரெண்டு வயசுல விரல் நீட்டி காட்டுனாங்களா, உங்க மூஞ்சிய பாத்து சிரிச்சாங்களா"ன்னு கேட்டேன் (எங்க வீட்டுக்காரரை தான் மாமான்னு சொல்றது). கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவன் கடக்கரைக்கு தூக்கிட்டு போன்னு கையால காட்டி உயிரை எடுப்பான்"னாங்க. அன்னைல இருந்து அவங்களே என் கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க.

அப்பாமாருக்கு நேரம் இல்லைங்குறது உண்மை தான். எங்கள மாதிரி போட்டு வீடுன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள், பெரிய ஊர் அப்பாயின்ட்மென்டை அதுக்குள்ள போடுங்க, அப்பாவும் கூட வந்து காதால கேக்கட்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பாதி வாப்பாமார் சவூதி துபாய்ல இருக்காங்க, ராத்திரி வீடியோ கால்ல பத்து நிமிஷம் பாத்துட்டு "எம்புள்ள நல்லா தான இருக்கான்"னு சொல்லிருவாங்க. எனக்கு பழக்கமான ஒரு லாத்தா (அக்கா), டாக்டர் ரூம்ல இருந்தே மச்சானுக்கு (அவங்க வீட்டுக்காரருக்கு) போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க, டாக்டர்ட்ட கேட்டுட்டு தான், அது நல்ல யோசனை.

மனநல டாக்டர்னதும் நம்ம கடக்கரைல ஒரே நெனப்பு, ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அங்க தர்கா பக்கம் மனநோயாளிங்கள வச்சிருந்த காப்பகத்துல நடந்த தீ விபத்துல சங்கிலில கட்டி இருந்த 28 பேர் செத்ததை எங்க அம்மாச்சி இன்னைக்கும் சொல்லி அழும், அதனால குழந்தை மனநல பிரிவுக்கு சீட்டு எழுதுனாலே "எம்புள்ள என்ன பைத்தியமா"ன்னு கிழிச்சு போட்டுருவாங்க. ஆட்டிசம் பைத்தியம் இல்ல, மூளை வளர்ற விதத்துல உள்ள வித்தியாசம், அதை பாக்க படிச்சவங்க அந்த பிரிவுல இருக்காங்க, அவ்ளோ தான். தர்காவுக்கு போங்க, ஓரியூர் சர்ச்சுக்கு போங்க, உத்தரகோசமங்கை கோயிலுக்கு போங்க, நானும் போனேன், ஏர்வாடிலயே இப்ப மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேந்துன்னு அரசு டாக்டருங்க பாக்குற ஏற்பாடு இருக்கு, அதனால யாரும் ஒண்ணை விட்டு தான் இன்னொண்ணுன்னு நெனைக்க வேணாம். நாப்பது நாள் தங்கணும், நாப்பத்தோரு நாள் கயிறு கட்டணும்னா மட்டும் அப்பாயின்ட்மென்ட் தேதி அதுக்குள்ள விழுந்துறாம பாத்துக்கோங்க.

தடுப்பூசியால வந்துச்சுன்னு வேற கிளப்பி விடுவாங்க. 1998ல லண்டன்ல ஒரு டாக்டர் 12 புள்ளைங்கள வச்சு எழுதுன கட்டுரைல இருந்து வந்த புரளி, அந்த பத்திரிகையே 2010ல அதை வாபஸ் வாங்கிருச்சு, டென்மார்க்ல ஆறரை லட்சம் புள்ளைங்களுக்கு மேல பாத்து 2019ல சம்பந்தமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஊசி போடுற வயசும் இது தெரிய ஆரம்பிக்கிற வயசும் ஒண்ணா இருக்குறதால தான் இந்த குழப்பம்.

பேப்பர் கைக்கு வந்ததும்

நம்ம நாட்டுல சான்றிதழுக்கு பெரும்பாலும் ஐ.எஸ்.ஏ.ஏன்னு ஒரு அளவுகோல் போடுவாங்க, செகந்திராபாத்ல மனவளர்ச்சி குறைபாட்டுக்குன்னு இருக்குற தேசிய நிறுவனம் உருவாக்குனது, 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 மார்க். 70க்கு கீழன்னா ஆட்டிசம் இல்ல, 70ல இருந்து 106 வரைக்கும் லேசு, 107ல இருந்து 153 நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். இதுல நீங்க சொல்ற பதிலும் சேரும், வெக்கப்பட்டு கொறச்சும் சொல்லாதீங்க, சலுகை வரும்னு கூட்டியும் சொல்லாதீங்க. லெவல் 1, 2, 3ன்னு எழுதுனா புத்தி அளவு இல்ல அது, எவ்ளோ துணை வேணும்ங்குறது, வளர வளர மாறும்.

"ஆட்டிஸ்டிக் ஃபீச்சர்ஸ்"னு எழுதிருந்தா அது முடிவா, சந்தேகமான்னு வாயால கேட்டு தெளிவு பண்ணிக்கோங்க. எங்களுக்கு மொத சீட்டுல அப்படி எழுதிருந்தது, அது என்னமோ சத்து குறைவுன்னு நெனச்சு டானிக் வாங்கி குடுத்தோம், சிரிக்காதீங்க.

பேரு உறுதியாகாட்டியும் பேச்சு பயிற்சிய, வெளாட்டு பயிற்சிய ஆரம்பிச்சிருங்க, ஆட்டிசம் இல்லைன்னு பின்னாடி வந்தாலும் அந்த பயிற்சியால கெடுதல் ஒண்ணும் இல்ல. வீட்டுல தமிழ்ல பேசாதீங்க இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொன்னா கேக்காதீங்க, உங்களுக்கு வாய்க்கு வர்ற பாஷைல பேசுங்க. ஆட்டிசத்தை முழுசா எடுத்துர்றேன்னு ஸ்டெம் செல், உடம்புல இருந்து விஷம் எடுக்குற ஊசின்னு யாராவது லட்சத்துல பேசுனா எழுந்து வந்துருங்க. மருந்து எழுதுனா எதுக்குன்னு கேளுங்க, தூக்கம், மூர்க்கம், வலிப்பு இதுக்கு மருந்து உண்டு, ஆட்டிசத்துக்குன்னு மருந்து இல்ல.

2016 சட்டத்துல 21 வகை மாற்றுத்திறன்ல ஆட்டிசம் தனி வகை, சான்றிதழ்ல மனவளர்ச்சி குறைபாடுன்னு மாத்தி போட்டுருக்காங்களான்னு அங்கயே நின்னு படிச்சு பாருங்க. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா தான் பெரும்பாலான சலுகை. யூ.டி.ஐ.டிங்குற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கும், நிராமயாங்குற மருத்துவ இன்சூரன்ஸுக்கும் (வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும்) கலெக்டர் ஆபிஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்லுவாங்க. ஸ்கூல் வயசுன்னா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க.

அடுத்து வீட்டுல ஒரு கைக்குழந்தை இருந்தா அதுக்கும் ஒரு நோட்டு போடுங்க. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தா அஞ்சுல ஒரு புள்ளைக்கு அதுவும் வர வாய்ப்பு இருக்கு, பயமுறுத்த சொல்லல, ஒன்பது பத்து மாசத்துல இருந்தே கைய பாருங்கன்னு தான். எங்க பாப்பா பத்தாவது மாசம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு விரலை நீட்டுச்சு, நீட்டிட்டு என்னைய பாத்துச்சு, நான் தேதியை எழுதிட்டு தான் அடுப்ப அணைச்சேன்.

அப்புறம் ஃபைல். பெரா, ஈ.ஈ.ஜி சீட்டு சிலது மெஷின்ல அச்சடிக்கிற வழவழ பேப்பர், நம்ம ஊர் வெயிலுக்கும் உப்புக்காத்துக்கும் ஆறு மாசத்துல வெள்ளையாயிரும், வாங்குன அன்னைக்கே ஜெராக்ஸ் போட்டு போன்லயும் ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க, ஒரிஜினலை பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுக்குள்ள வைங்க, கூரை எரவாணத்துல சொருகாதீங்க.